பட்டமா? காமிராவா?

காரியாபட்டிக்குக் கிழக்கேயுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு வாலிபத் தோழர் எழுதிய கடிதம் இவ்வாரம் நமக்கு வந்து சேர்ந்தது. கடிதம் சற்று நீளமானது. அதன் சாரமாவது: இத்தோழர் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளிக்கூடத்திலேயே படித்துத் தேறியிருக்கிறார். தகப்பனார் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். தாயாருக்கும் அதே வேலைதான். அந்தக் குடும்பத்தில் இதுவரை காலேஜ் வாசற்படியை மிதித்தவர் ஒருவருமில்லை. இப்பொழுது இவருக்கு இஞ்சினீயரிங் காலேஜில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் இவருக்கோ இரண்டு வருஷ காலமாய் காமிராவின் மேல் ஆசை. லீவு நாட்களில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரரிடம் விளக்குப் பிடிக்கப் போய், அவர் அசந்த நேரத்தில் காமிராவையும் தொட்டுப் பழகி, இப்பொழுது அவரே "நீ படம் எடு, நான் பந்தியைப் பார்க்கிறேன்" என்று சொல்லுகிற அளவுக்குக் கைதேறியிருக்கிறாராம். "நாலு வருஷத்தைக் காலேஜில் ஏன் பாழாக்க வேண்டும்? காமிராவே போதாதா?" என்று நம்மை யோசனை கேட்கிறார்.

இது ஒருவருடைய சொந்த விஷயந்தானே, இதைப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். அருப்புக்கோட்டையில் தறி ஓடுகிற வீடுகளிலும், திருச்சுழிப் பக்கம் மானத்தைப் பார்த்து விதைக்கிற வீடுகளிலும், காரியாபட்டியைச் சுற்றி மல்லிகைப் பூ எடுக்கிற வீடுகளிலும் இன்று இதே கேள்விதான் வேறு வேறு வேஷத்தில் நடமாடுகிறது. ஒரு பையனுக்குக் காமிரா, மற்றொருவனுக்குச் சினிமா, இன்னொருவனுக்குப் பாட்டு. ஆகவே இத்தோழருக்குச் சொல்லுகிற பதிலை எல்லோருக்குமாகச் சொல்லுவதில் தவறில்லை என்றே கருதுகிறோம்.

முதலாவதாக, "மனம் சொல்லுகிறபடி போ, பட்டம் வெறும் காகிதம்" என்று இவருக்கு உபதேசம் செய்தவர் யார் என்று பார்க்க வேண்டும். கடிதத்திலேயே அது இருக்கிறது. கலியாண வீடொன்றில் சந்தித்த ஒரு பட்டணத்துக் கனவான் இவருடைய படங்களைப் பார்த்து மெச்சி, "உனக்கெதற்குக் காலேஜ்?" என்றாராம். அந்தக் கனவானின் பிள்ளைகள் இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்றால், ஒருவர் அமெரிக்காவில் மேற்படிப்பு, மற்றவர் வைத்தியக் காலேஜ். பட்டம் காகிதமென்றால் அந்தக் காகிதத்தைத் தன் வீட்டில் இரண்டு சேர்த்து வைத்துக்கொண்டு, கரிமூட்டக்காரர் வீட்டில் மட்டும் ஒன்றும் வேண்டாமென்று சொல்லுவானேன் என்று கேட்கின்றோம். அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று நாம் சொல்ல வரவில்லை. மூன்று தலைமுறையாய்ப் படித்த வீட்டுக்காரருக்குப் படிப்பு என்பது குழாயில் வருகிற தண்ணீர் மாதிரி. நம்மவர்களுக்கு அது ஊருணியில் போய்க் காத்துக் கிடந்து மொண்டுவருகிற தண்ணீர். குழாய்க்காரர் கொட்டிவிடச் சொன்னால் குடத்துக்காரர் கொட்டிவிடலாமா?

இந்த உபதேசம் நமக்குப் புதிதுமல்ல. 1953ஆம் வருஷத்தில் ராஜகோபாலாச்சாரியார் முதல் மந்திரியாயிருந்தபோது, கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரப் படிப்பே போதும், மீதிப் பொழுதில் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று நாடே அதை எதிர்த்தது. 1954ல் அவர் பதவியை விட்டார். பின்வந்த காமராஜர் அத்திட்டத்தையே எடுத்துவிட்டார். காமராஜர் விருதுநகர்க்காரர், நம் பக்கத்து மனிதர், சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர். "காமராஜர் என்ன பி.ஏ.வா படித்தார்?" என்று இன்றைக்கும் படிக்காமல் சுற்றுகிற பிள்ளைகளுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் கேட்கிறார்கள். வாஸ்தவம்தான், அவர் படிக்கவில்லை. ஆனால் தான் படிக்காததை ஒரு பெருமையாக எடுத்து வைத்து, மற்றவர்களையும் படிக்காதே என்று அவர் சொன்னாரா? ஊர் ஊராய்ப் பள்ளிக்கூடம் திறந்து, பகல் சோறும் போட்டல்லவா கூப்பிட்டார்? அவர் பேரைச் சொல்லுகிறவர்கள் அந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதன் பலன்தான் இன்று தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரையுள்ளவர்களை வைத்துக் கணக்குப் பார்த்தால் உயர்படிப்பில் சேர்ந்தவர்கள் விகிதம் 100க்கு 47 என்று இருப்பது. இது 2021-22ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் கணக்கு. இந்தியா முழுமைக்கும் சேர்த்து அது 28.4 தான். இந்த 47 ஒரு நாளில் வந்ததல்ல. 1921ல் நீதிக்கட்சி சர்க்கார் வகுப்புவாரி உத்தரவு போட்டதிலிருந்து எத்தனையோ சண்டை, எத்தனையோ வழக்கு, 1951ல் அரசியல் சட்டத்தையே திருத்திய கிளர்ச்சி, எல்லாம் சேர்ந்து வந்தது. இத்தோழருக்குக் கிடைத்திருக்கும் இடமும் அப்படி வந்ததுதான். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கென்று 2021 முதல் இஞ்சினீயரிங் முதலிய படிப்புகளிலும் ஒதுக்கப்பட்ட 7.5 சதவிகிதத்தில் இவருக்கு இடம் வந்திருக்கிறது. அப்படிச் சேருகிறவர்களுக்குச் சம்பளமும் விடுதிச் செலவும் சர்க்காரைச் சேர்ந்தது. 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் உண்டு. அதாவது, இவர் தகப்பனார் இதற்காக ஒரு மூட்டைக் கரிகூட அதிகமாகச் சுட வேண்டியதில்லை.

நிற்க. இப்படி எழுதுவதால் நாம் பட்டத்துக்குக் கர்ப்பூரம் காட்டுகிறவர்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இஞ்சினீயரிங் தேறிவிட்டு மதுரைத் தெருக்களில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வாலிபர்களை நாமும் பார்க்கிறோம். பொட்டலம் கொடுப்பது இழிவான தொழில் என்பது நமது கருத்தல்ல. அதற்கு நாலு வருஷமும் நாலு லட்சமும் தேவையில்லை என்பதே சங்கதி. நிலத்தை அடகு வைத்து, மானேஜ்மெண்டு கோட்டாவில் பணத்தைக் கட்டி, என்ன பாடம் என்றுகூடத் தெரியாமல் "பிள்ளை இஞ்சினீயர்" என்று சொல்லிக்கொள்வதற்காகவே சேர்க்கிற தகப்பன்மார் நம் ஜில்லாவில் நிரம்ப உண்டு. இவர்களுக்கும், பிள்ளைக்குத் தோஷம் கழிக்க நிலத்தை விற்கிறவர்களுக்கும் அதிக வித்தியாசம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. இத்தோழருக்கு வந்திருப்பது அப்படிப்பட்ட இடமாயிருந்தால், "அதை விடு, காமிராவை எடு" என்று சந்தேகமில்லாமல் எழுதியிருப்போம்.

இனி காமிராத் தொழிலைப் பற்றிப் பார்ப்போம். அது மரியாதையான தொழில், அறிவுக்கு வேலையுள்ள தொழில். "போட்டோப் பிடித்தால் ஆயுசு குறையும்" என்று நம் பாட்டிமார் முகத்தை மூடிக்கொண்டு ஓடின காலமுண்டு. படம் எடுத்துக்கொண்டவர்கள் எடுத்துக்கொள்ளாதவர்களைப் போலவே வயதாகிச் செத்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பயம் போயிற்று. பகுத்தறிவுக்கு இந்தக் கருவி செய்திருக்கும் உபகாரத்தை நாம் மறக்கவில்லை.

ஆனால் கிராமத்துப் போட்டோக்காரருடைய ஜீவனம் எதில் தொங்குகிறதென்று பார்த்தால் நமக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. அது பஞ்சாங்கத்தில் தொங்குகிறது! ஆடியில் கலியாணமில்லை, மார்கழியில் கலியாணமில்லை. அந்த மாதங்களில் ஸ்டுடியோக்காரர் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கும் செத்தவர் படத்துக்குச் சட்டம் போடுவதற்கும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு தையில் ஒரே நாளில் ஐந்து முகூர்த்தம் வந்துவிடும். எல்லாம் விடியற்காலை ஒன்றரை மணி நேரத்துக்குள். ஒரு ஆள் ஐந்து மண்டபத்தில் எப்படி நிற்க முடியும்? நாலு கலியாணம் கைவிட்டுப் போகும். வருஷம் 365 நாளும் கலியாணத்துக்கு நல்ல நாள்தான் என்று ஜனங்கள் ஒப்புக்கொண்டால் அதனால் முதல் லாபமடைகிறவர் போட்டோக்காரர். அப்படியிருக்க, அவரே ஆயுத பூஜையன்று காமிராவுக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம் பழம் நறுக்கி, ராகுகாலம் பார்த்துக் கடை திறக்கிறார். தன் பிழைப்பில் மண்ணைப் போடுகிற புத்தகத்துக்குத் தானே மாலை போடுகிறவர் இவரைத் தவிர வேறு தொழிலில் உண்டா என்று யோசித்துப் பார்க்கிறோம், அகப்படவில்லை.

மற்றொரு சங்கடமும் இருக்கிறது. இந்தத் தொழிலின் கருவி பத்து வருஷத்துக்கு ஒரு முறை புரண்டு படுக்கிறது. பிலிம் சுருளாலேயே உலகத்தை ஆண்ட கோடக் கம்பெனி 2012ல் திவால் மனு கொடுத்தது. இத்தனைக்கும் பிலிம் இல்லாத காமிராவை 1975ல் முதன்முதல் செய்து காட்டியவர் அதே கம்பெனியில் வேலை பார்த்த ஓர் இஞ்சினீயர். 2006ல் கோனிகா மினோல்ட்டா கம்பெனி காமிரா வியாபாரத்தையே விட்டுவிட்டது. நம் ஊர்களில் பிலிம் கழுவின கை ஓய்ந்தது, கலர் லாப்புகள் மூடின. பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்து பாஸ்போர்ட் சைஸ் படத்தையும் கெடுத்தது. இப்பொழுது ஆளே இல்லாமல் படம் செய்கிற யந்திரமும் வந்துவிட்டது. பொத்தானை அழுத்துவது மாத்திரமே தெரிந்தவரை இவை ஒவ்வொன்றும் அடித்துத் தள்ளும். புதிது வரும்போதெல்லாம் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவும், கணக்குப் பார்க்கவும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று வாசித்துக் கையெழுத்துப் போடவும் கூடியவர் ஒருவாறு நின்று பிடிப்பார். காலேஜ் இவையெல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடும் என்று நாம் ஜாமீன் நிற்கவில்லை. கற்கிற பழக்கம் விட்டுப்போகாமலிருக்க இன்னும் நாலு வருஷம் கிடைக்கிறது என்ற அளவில் சொல்லுகிறோம்.

உண்மையில் படிப்பும் காமிராவும் ஜென்ம விரோதிகளுமல்ல. சென்னையில் 1850ல் டாக்டர் ஹண்டர் ஏற்படுத்திய கலைப் பள்ளிக்கூடத்தில் அந்தக் காலத்திலேயே படம் பிடிப்பதைப் பாடமாக வைத்திருந்தார்கள். தரமணியில் இன்று இருக்கும் சர்க்கார் திரைப்படப் பயிற்சி நிலையம் 1945ல் தொடங்கியதன் வழி வந்தது. அங்கே ஒளிப்பதிவு ஒரு பட்டப் படிப்பாகவே இருக்கிறது. பழைய காலத்து லாலா தீன்தயாள் ரூர்க்கியில் இஞ்சினீயரிங் படித்தவர். 1866ல் இந்தூரில் மராமத்து இலாகாவில் சேர்ந்தார், 1874ல்தான் காமிராவைத் தொட்டார். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே தொழிலைப் பழகி, பெயரும் கிராக்கியும் ஏற்பட்டதை நிச்சயப்படுத்திக்கொண்டு, 1880களில் உத்தியோகத்தை விட்டார். பிறகு ஹைதராபாத் நிஜாமின் அரண்மனைப் போட்டோக்காரரானார். ரகு ராயும் இஞ்சினீயரிங் படித்துவிட்டுத்தான் 1966ல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் படம் எடுக்க வந்தார்.

இவர்களெல்லாம் வடக்கத்தியார், நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று இத்தோழர் கேட்கலாம். மதுரைப் பக்கத்தவரையே சொல்லுகிறோம். எம். பழனிக்குமார் என்பவர் மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த ஒரு தாயாரின் மகன். இஞ்சினீயரிங் படித்தவர். 2017ல் திவ்யபாரதி எடுத்த "கக்கூஸ்" என்னும் ஆவணப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். மனிதர் மலத்தை மனிதர் அள்ளக்கூடாதென்று 1993லும் 2013லும் இரண்டு சட்டம் போட்ட பிறகும், சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தவர்களையும், அவர்கள் பெண்டு பிள்ளைகளையும் வருஷக்கணக்காய்த் தொடர்ந்து படம் எடுத்துவருகிறவர் இவர். பாரி என்னும் கிராமியச் செய்தித் தளத்தில் போட்டோக்காரராயிருக்கிறார். 2022ல் தயானிதா சிங் பெயரால் அமைந்த ஆவணப் படப் பரிசு இவருக்குக் கிடைத்தது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து அவர்கள் கையிலும் காமிராவைக் கொடுத்துப் பழக்குகிறார். தன் தாயார் மீன் விற்கிறதையும் படம் எடுத்திருக்கிறார்.

இந்தக் கடைசிச் சங்கதியில் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. காமிரா இந்தப் பக்கத்துக்கு வந்த வழியைக் கவனித்தால் அதன் அருமை விளங்கும். 1858ல் கம்பெனிப் பட்டாளத்து உத்தியோகஸ்தரான டிரைப் துரை மதுரைக்குக் காமிராவோடு வந்தார். அவர் எடுத்தது கோவிலும் அரண்மனையும். பிறகு சென்னை மியூசியத்துத் தலைவரான தர்ஸ்டன் துரை, நம் ஜனங்களின் மண்டையையும் மூக்கையும் அளவெடுத்து, படமும் பிடித்து, 1909ல் ஜாதிகளைப் பற்றி ஏழு வால்யூம் புத்தகம் போட்டார். அதில் படங்களுக்குக் கீழே பார்த்தால் ஜாதியின் பெயர் இருக்கும். படத்திலிருக்கிற மனிதருக்குத் தகப்பன் வைத்த பெயர் இருக்காது. பூச்சியைக் குத்திவைத்துச் சீட்டு ஒட்டுகிற மாதிரி! காமிராவுக்கு முன்னால் நிற்கிறவர் ஒரு ஜாதி, பின்னால் நிற்கிறவர் வேறு ஜாதி என்றே நெடுங்காலம் நடந்துவந்தது. மீன் விற்கிறவருடைய மகனும் கரி சுடுகிறவருடைய மகனும் பின்னால் போய் நிற்பது சின்னக் காரியமல்ல. ஆகையால் இத்தோழரின் ஆசையை விளையாட்டென்று நாம் தள்ளவில்லை. அது வீணாகிவிடக்கூடாதே என்பதற்காகத்தான் இவ்வளவு கணக்குப் பார்க்கிறோம்.

கணக்கு என்றதும் மற்றொன்று ஞாபகம் வருகிறது. ஸ்டுடியோக்காரர், "சொந்தக் காமிராவோடு வந்தால் பாதிக்குப் பாதி, இல்லாவிட்டால் நாள் கூலி" என்கிறாராம். காமிரா, இரண்டு லென்சு, விளக்கு, படத்தைத் திருத்தக் கம்ப்யூட்டர் என்று சேர்த்தால் லட்ச ரூபாய்க்குக் குறையாது. அதற்குத் தாயார் தோட்டையும் இரண்டு வெள்ளாட்டையும் விற்பதாக வீட்டில் பேச்சு. பணக்காரர் பிள்ளை காமிராவில் தோற்றால் வேறு தொழிலுக்குப் போவான், அந்தத் தோல்வியைப் பின்னால் கதையாகவும் சொல்லிக்கொள்வான். இந்த வீட்டில் தோற்றால் தோடு திரும்பி வராது, ஆடும் திரும்பி வராது, காலேஜ் இடமும் அடுத்த வருஷம் அப்படியே காத்திருக்கும் என்பதற்கு எவரும் ஜவாப்தாரியில்லை. காமிராவோ எங்கும் ஓடிப்போகாது. நாலு வருஷங் கழித்து இன்னும் நல்லதாகவே கிடைக்கும்.

ஆதலால் நாம் இவருக்குச் சொல்லுவது: காலேஜில் சேரட்டும். சனி ஞாயிறுகளிலும், முகூர்த்த நாட்களில் வகுப்பு இல்லாத வேளைகளிலும் அதே ஸ்டுடியோக்காரரிடம் நாள் கூலிக்கே போகட்டும், அவர் காமிராவிலேயே கை பழகட்டும். வருகிற கூலியைத் தனியே எழுதி வைக்கட்டும். அந்தப் பணத்தில் வாங்க முடிகிற நாளில் சொந்தக் காமிரா வாங்கட்டும். தோட்டைத் தொட வேண்டாம். பட்டம் கைக்கு வந்த பிறகு எந்தப் பக்கம் போவதென்று அவரே முடிவு செய்துகொள்ளலாம். அப்போது காமிராவையே எடுத்தால், படிக்க வகையில்லாமல் இதற்கு வந்தான் என்று ஒருவரும் சொல்ல முடியாது. "இரண்டு தோணியில் கால்" என்று சிலர் கேலி பண்ணலாம். அவர்களுக்கு ஆளுக்கொரு கப்பல் இருக்கிறது, பண்ணுவார்கள்.

கடிதத்தின் ஓரத்தில் இத்தோழர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: பதினோராம் வகுப்பில் படிக்கிற தங்கைக்கும் தன்னைப் பார்த்துக் காமிரா ஆசை வந்திருக்கிறதாம், "அவளுக்கு இது சரிப்படுமா?" என்கிறார். ஏன் சரிப்படாது? ஹோமாய் வியாரவாலா என்னும் அம்மாள் 1913ல் பிறந்து, பம்பாய்க் கலைப் பள்ளியில் படித்து, டில்லியில் பெரிய பெரிய தலைவர்களையெல்லாம் படம் எடுத்தவர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் அவர் கணவர் பெயரில் அச்சாயின. பெண்பிள்ளை எடுத்தாள் என்றால் யார் மதிப்பார்கள் என்ற காலம் அது. 2011ல் அவருக்கே பத்மவிபூஷண் கொடுத்தார்கள். தங்கைக்கு நாம் சொல்லுவது அண்ணனுக்குச் சொன்னதைவிடக் கண்டிப்பானது. அண்ணன் காலேஜை விட்டால் ஸ்டுடியோவுக்காவது போவான். தங்கை விட்டால் மறு தையிலேயே மாப்பிள்ளை பார்ப்பார்கள். அவள் கழுத்தில் காமிராவின் வார் விழுவதற்கு முன்னால் வேறொன்று விழுந்துவிடும். ஆகவே அவளுக்குப் பட்டம் விஷயத்தில் யோசனைக்கே இடமில்லை. அண்ணன் வாங்குகிற காமிராவில் அவளுக்கும் பாதி நாள் பங்கு கொடுக்க வேண்டும் என்பதையும் இப்போதே எழுதி வைக்கிறோம்.

கடிதத்தோடு இத்தோழர் தான் எடுத்த படம் ஒன்றையும் அனுப்பியிருக்கிறார். மூட்டம் பிரித்த காலை நேரம். புகைக்கு நடுவில் ஒரு பெண்பிள்ளை, தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, கையில் கரி வாருகிற கருவியோடு நிமிர்ந்து நிற்கிறார். அந்தக் கண்ணில் கெஞ்சலில்லை. படம் நன்றாயிருக்கிறது, அடுத்த இதழில் போடலாமென்றிருக்கிறோம். ஆனால் அதன் பின்பக்கம் "கரி சுடும் பெண்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. கடிதத்தை மறுபடியும் வாசித்துப் பார்த்த பிறகுதான் அது அவருடைய தாயார் என்று நமக்குத் தெரிந்தது. அந்த அம்மாளின் சம்மதத்தைக் கேட்டு, அவருடைய பெயரை எழுதி, படத்தை மறுபடியும் அனுப்பும்படி தோழரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.